தொட்ட நேரம்

நம் ஆய்வகத்தின் சாம்பிள் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு கட்டங்கள் இருக்கும். தேதி. தட்டு எண். உப்புநீர் விட்ட நேரம். வெட்டிய நேரம். வெட்டியவர். கடைசியில், மற்றவற்றைவிடக் குறுகலாக, பிறகு யோசித்துச் செருகியது போல ஒன்று: தொட்ட நேரம்.

என்னை வழியனுப்பிய அன்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். "சார், வேற எந்த லேப்லயும் இப்படி ஒரு கட்டம் பாத்ததில்ல. இலையத் தொடறதுக்கெல்லாமா நேரம் எழுதுவாங்க?" என் வாய் நிறையக் கோடுபளே முறுக்கு இருந்தது. தலையை மட்டும் ஆட்டித் தப்பித்தேன்.

அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். ஐம்பத்து நாலு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, காலையில் எழுந்து போக இடமில்லாமல் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறவன் எழுதுவது. ஓரிடத்தில் நிற்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மைசூரில் அப்போது மதியம் இரண்டு மணிக்குச் சைக்கிள் செயின் சத்தம்கூடக் கேட்கும். நம் கட்டடத்துக்கு வெளியே நின்ற ஜகரண்டா மரங்கள் மார்ச் வந்தால் நடைபாதையை ஊதாவாக்கிவிடும். அதன்மேல் மிதிக்க மனமில்லாமல் ஓரமாக நடந்து வந்து, உள்ளே பூச்சிமருந்தும் அசிட்டிக் அமிலமும் கலந்த வாடையில் நுழைவோம். நான் ஆராய்ச்சி மாணவன். அப்பா இந்த ஊர் ஆலைத் தொழிலாளி. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆய்வகத்தில் இரண்டும் கலந்த ஏதோ ஒன்று. மண்டி மொஹல்லாவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே எங்கள் வீடு. காலையில் கண் விழிப்பதற்குள் கீழே ஆட்டோக்காரர்களின் சண்டை பாதி முடிந்திருக்கும்.

கைனேஸ் என்ற சொல் அப்போது எங்களுக்குப் புதுச்சட்டை. போகிற இடமெல்லாம் போட்டுக்கொண்டு போனோம்.

நீங்கள் இதைப் பாடத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். நான் படித்த விதத்தில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். செல்லுக்குக் கண் இல்லை. காது இல்லை. ராகி நாற்றின் வேர்நுனியில் இருக்கிற செல், மண்ணில் உப்பு ஏறிவிட்டது என்று எங்கே ஓடும்? நின்ற இடத்திலேயே நின்று சமாளிக்க வேண்டும். அதற்கு அது செய்துவைத்திருக்கிற ஏற்பாடுதான் கைனேஸ்கள். ஒரு கைனேஸ் இன்னொரு புரதத்தின் மேல் ஒரே ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். ஒட்டிய கணம் அந்தப் புரதம் விழித்துக்கொள்ளும். விழித்தது அடுத்ததன் மேல் ஒட்டும். ஒன்று பத்தை எழுப்பும், பத்து நூறை எழுப்பும். கடைசியாக விழித்தது உட்கருவுக்குள் போய், ஆபத்து, தயாராகு என்று மரபணுக்களைத் தட்டும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். பிறகு பாஸ்படேஸ் என்கிற இன்னொரு கூட்டம் வந்து, ஒட்டிய பாஸ்பேட்டுகளைச் சத்தமில்லாமல் கழற்றிக்கொண்டு போகும். கழற்ற ஆள் வராவிட்டால் செல் தன் கூச்சலிலேயே செத்துப்போகும்.

எழுப்புகிறவர்களைப் பற்றி எழுதிய அளவுக்குக் கழற்றுகிறவர்களைப் பற்றி அன்று யாரும் எழுதவில்லை. நானும் யோசிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

எங்கள் வேலை இது. தட்டுகளில் ராகி நாற்று வளர்ப்போம். சிலவற்றுக்கு உப்புநீர் விடுவோம், சிலவற்றைச் சும்மா விடுவோம். சும்மா விட்டதுதான் கன்ட்ரோல். குறித்த நிமிடத்தில் வெட்டி, எண் எழுதிய டியூபில் அடைத்து, திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைப்போம். பிறகு அதன் புரதங்களை ஜெல் என்கிற கூழ்ப்பலகையில் ஓடவிட்டுப் பிரித்து, கதிரியக்கப் பாஸ்பரஸை ஊட்டி, எக்ஸ்ரே ஃபிலிமை மேலே வைத்துக் கட்டி, குளிர்பெட்டியில் நாலு நாள் மறந்துவிட வேண்டும். எந்தச் சாம்பிளில் கைனேஸ் விழித்திருந்ததோ அந்த இடத்தில் ஃபிலிம் கறுக்கும். உப்பு பட்டது கறுக்க வேண்டும். கன்ட்ரோல் வெளுப்பாக இருக்க வேண்டும்.

அந்தப் பாஸ்பரஸ் ஈயக் குப்பியில் விமானம் ஏறி பெங்களூர் வரும். பதினாலு நாளில் பாதியாகும், அடுத்த பதினாலில் அந்தப் பாதியில் பாதி. திறந்தாலும் கரையும், திறக்காவிட்டாலும் கரையும். அந்தக் குப்பி குளிர்பெட்டிக்குள் இருக்கும்போது எங்கள் யாருக்கும் உட்கார்ந்து சாப்பிடத் தோன்றாது.

செல்வி அப்போது பிராஜெக்ட் உதவியாளர். தமிழ்நாட்டு எல்லையோர மார்டள்ளிக்காரி, ராகி விளைவிக்கிற குடும்பம். கொள்ளேகாலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வந்தவள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை. அந்த வேலையைக் காட்டித்தான் மேற்படிப்புக்குப் பதிவு செய்யலாம் என்று மேடம் அவளிடம் சொல்லியிருந்தார். புதுப்பிக்கவில்லை என்றால் படிப்பும் இல்லை, பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். இது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். "அண்ணா, இந்தப் பொட்டிக்கு மேல ஒரு பொட்டி வெச்சிருக்கீங்களே, கீழ இருக்கறது மூச்சு உடுமா?" என்பாள். அவளுடைய தமிழும் என்னுடைய தமிழும் முட்டிக்கொள்ளும். "ஏம்மா, இது என்ன தமிழ்?" என்பேன். "உங்களுது மட்டும் என்னங்ண்ணா, பாதி கன்னடம், மீதி இருமல்," என்பாள்.

எங்கள் வழிகாட்டியை மேடம் என்றே சொல்கிறேன். அது போதும். மேல்கோட்டைப் பக்கத்துப் பூர்வீகம். பேச்சில் சிக்கனம். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கத் தொடங்கிவிட்டால் நாங்கள் ஜன்னலுக்கு வெளியே ஜகரண்டாவைப் பார்ப்போம்.

இனி அந்தச் சனிக்கிழமை.

வாரக் கூட்டம். விளக்குப் பெட்டியின் மேல் புது ஃபிலிம். இரண்டு தொகுதிச் சாம்பிள்கள், நான் வெட்டியது ஒன்று, செல்வி வெட்டியது ஒன்று. என்னுடையதில் எல்லாம் சொன்னபடி இருந்தது. கன்ட்ரோல் வெளுப்பு, உப்பு பட்டது கறுப்பு. செல்வியுடையதில் உப்பு பட்டது கறுப்பு, கன்ட்ரோலும் கறுப்பு. உப்பே காணாத நாற்று உப்பைக் கண்டது போல அலறியிருந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இது என்ன?"

எட்டுப் பேர் அறையில். பெங்களூர்க் கருத்தரங்குக்கு இன்னும் மூன்று வாரம். அங்கே பேசப் போகிறவன் நான். என் வாழ்க்கையில் முதல் மேடை. இந்தப் படம்தான் அங்கே காட்டப்போகிற படம். செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"டியூபை மாத்திப் போட்டிருப்பாங்க மேடம். அவங்களுக்குச் சாம்பிள் எடுக்கறது புதுசு."

அவ்வளவுதான் சொன்னேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. நல்லவன் போலத்தான் சொன்னேன். 'இருப்பாங்க' என்று சந்தேகத்தின் ஓரத்திலேயே நிறுத்திக்கொண்டேன் என்று எனக்கு நானே அப்புறம் பலமுறை சொல்லிக்கொண்டதுண்டு.

செல்வி வாயை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஸ்டோர் கிளார்க் என்னிடம் கேட்டார், "ஏனப்பா, அந்தப் பொண்ணு டியூபெல்லாம் மாத்திடுதாமே?" பதினோரு மணிக்குக் கேன்டீனில் பக்கத்து லேப் ஆள், "உங்க லேப்ல நம்பரே படிக்கத் தெரியாத ஒருத்தர் இருக்காங்களாம்ல?" மதியத்துக்குள் வாசல் காவலாளி வரைக்கும் போய்விட்டது. அங்கே போகும்போது அவள் ஒரு முழு மாத வேலையையே நாசமாக்கியிருந்தாள். நான் ஒட்டியது ஒரே ஒரு வார்த்தை. ஒன்று பத்தை எழுப்பிற்று, பத்து நூறை எழுப்பிற்று. கைனேஸைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் அன்று கேன்டீனில் பார்த்த அளவுக்கு எனக்குப் புரிய வைத்ததில்லை. ஆனால் அன்று அதை நான் கைனேஸாகப் பார்க்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

மாலையில் நைட்ரஜன் கேனைத் தூக்கிக்கொண்டு செல்வி வந்தாள். "இத எங்க வெக்கறதுங்க சார்?"

சார்.

என் மேஜையில் அவளுடைய புதுப்பிப்புப் படிவம் கிடந்தது. அடுத்த திங்கள் மாலைக்குள் அலுவலகத்துக்குப் போக வேண்டும். கூட வேலை செய்கிறவரின் கருத்து என்று அதில் ஒரு வரி. பென்சிலால் 'கவனக் குறைவு' என்று எழுதினேன். மேடம் சரி என்றால் அதன் மேலேயே பேனாவை ஓட்டிவிடலாம். பென்சிலால் எழுதினால் பாதிப் பொறுப்பு பென்சிலுடையது என்று ஒரு நினைப்பு.

செவ்வாய்க்கிழமை வளர்ப்பு அறையில் என் பேனாவை விட்டுவிட்டேன். எடுக்கப் போனேன்.

அந்த அறை உங்களுக்குத் தெரியும். இப்போது பளபளவென்று இருக்கிறது. அன்று அது ஜன்னலை அடைத்த ஒரு பழைய சாமான் அறை. அடுக்கடுக்காகத் தட்டுகள், தலைக்கு மேல் ட்யூப்லைட்டுகளின் ரீங்காரம், ஈரமண் வாசனை, கண் கூசும் பச்சை. செல்வி கதவுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். நான் வந்தது தெரியாது. அவளுக்கு முன்னால் கன்ட்ரோல் தட்டு. வலது கையில் கத்தரி. இடது உள்ளங்கையால் நாற்றுகளின் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒருமுறை தடவினாள், படுக்கை விரிப்பை நீவிவிடுவது போல. நாற்றுகள் படுத்து எழுந்தன. திரும்பவும் ஒருமுறை. நுனியில் நின்ற நீர்த்துளிகள் சிதறின. பிறகு நிதானமாக நின்று, நல்ல நாற்றாகப் பொறுக்கி, வெட்டினாள்.

"எதுக்கு அப்படித் தடவுற?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். முகம் கல்லாயிற்று. "தண்ணி நிக்குதுங்க சார் இலையில. அதோட வெட்டுனா எடை தப்பும். அதான் உதறி உட்டுட்டு வெட்டறேன்."

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவுந்தான். அதுவும் தப்புங்களா?"

"எல்லாத் தட்டுக்கும்?"

"உப்பு உட்டதுக்கு நேரமிருக்காதுங்க சார், மணி பாத்து வெட்டோணும். சும்மா இருக்கற தட்டுக்குத்தான் அவசரமில்லையே."

நான் குனிந்து தட்டை உற்றுப் பார்த்தேன். அவள் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டாள். வேறெப்படி எடுத்துக்கொள்வாள்? குரல் கொஞ்சம் ஏறியது.

"தொட்டா பயிரு ஒண்ணும் செத்துப் போகாதுங்க. எங்கப்பன் ராகிப் பயிரு ஒரு சாண் வந்துச்சுன்னா மாட்டுல கட்டையப் பூட்டி மேலயே இழுத்துருவாரு. பாக்கறவங்க எல்லாம் போச்சு, பயிரு போச்சும்பாங்க. நாலு நாள்ல எந்திரிக்கும் பாருங்க, அப்பறம் காத்தடிச்சாலும் சாயாது. தூரு கட்டி நிக்கும். பயிருக்குத் தெரியுமுங்க சார், மேல ஒண்ணு படுதுன்னு. தெரிஞ்சுதான் கெட்டியாகுது."

பயிருக்குத் தெரியும்.

ட்யூப்லைட் ரீங்காரம் திடீரென்று மிகப் பெரிதாகக் கேட்டது. உப்பு மட்டுமா ஆபத்து? ஒரு கை மேலே போவது காற்று போவது போல, மாடு உரசிப் போவது போல, கட்டை இழுபடுவது போல. செல்லுக்கு அது யார் கை என்று எப்படித் தெரியும்? நான் கன்ட்ரோலைத் தொடாமல் வெட்டி நொடியில் உறைய வைக்கிறேன், பொறுமை இல்லாதவன் என்பதால். அவள் தொட்டு, இரண்டு நிமிடம் பொறுக்கி, பிறகு வெட்டுகிறாள், கவனமானவள் என்பதால். அந்த இரண்டு நிமிடத்தில் கைனேஸ் விழித்துவிடுகிறது. டியூப் மாறவே இல்லை. ஃபிலிம் சரியாகத்தான் சொன்னது. அவள் படிவத்தில் என் எழுத்தில் 'கவனக் குறைவு' என்றிருந்தது.

இது உண்மையாக இருந்தால். இருந்தால்தான். அதை நிரூபிக்க இன்னொரு ஜெல் ஓட்ட வேண்டும். குப்பியில் ஒரு ஜெல்லுக்குத்தான் பாஸ்பரஸ் மிச்சம், அதுவும் கரைந்துகொண்டிருந்தது. அடுத்தது வர ஒரு மாதம். அந்த ஒரு ஜெல்லில்தான் என் உப்புப் படத்தைத் திரும்ப எடுத்து பெங்களூருக்குக் கொண்டுபோகத் திட்டம்.

மேடத்தின் அறைக்குப் போய் நின்றேன். முழுவதும் சொன்னேன். பென்சிலைத் தவிர.

கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுவே பயமாக இருந்தது. "ரெண்டுல ஒண்ணுக்குத்தான் சரக்கு இருக்கு, தெரியுமோன்னோ?"

"தெரியும் மேடம்."

"பெங்களூர்ல நீ வெறுங்கையோட போய் நிக்க முடியாது. உன் பேரை எடுத்துடுவேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு நான் ஆறுதலெல்லாம் சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் வேற ஒருத்தன் இருப்பான்."

"சரி மேடம்."

"தடவினது இல்லேன்னு வந்தா? டியூப்தான் மாறியிருக்குன்னு வந்தா?"

"அப்போ படிவத்துல உள்ளதை உள்ளபடி எழுதிடறேன்."

"அவகிட்ட என்னைக்குக் கேட்டே?"

"இன்னிக்குத்தான்."

"சனிக்கிழமை அவ அங்கேயேதான உக்காந்திண்டிருந்தா?"

தட்டுகளைத் தயார் செய்யப் போனேன்.

நாங்கள் செய்தது மிகச் சின்னச் சோதனை. செல்வி ஒரு தட்டைத் தொட்டு வெட்டுவாள், இன்னொன்றைத் தொடாமல் வெட்டுவாள். நானும் அப்படியே. தொட்டதில் இரண்டு நிமிடம் கழித்து ஒரு சாம்பிள், அரை மணி கழித்து ஒன்று. இரண்டு பேர், ஒரே செயல். கறுப்பது ஆளால் என்றால் அவள் சாம்பிள் எல்லாம் கறுக்கும். கையால் என்றால் என்னுடையதும் கறுக்கும்.

டியூபில் எண் எழுத நாங்கள் இருவரும் கூடாது என்றேன். இருட்டறையைப் பார்த்துக்கொண்ட மாதேவுவைக் கூப்பிட்டேன். வயது ஐம்பதுக்கு மேல். கன்னடக்காரர், தமிழும் வரும். யாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார். டியூப்களை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கன்னட எழுத்துகளைத் தாறுமாறாக எழுதி, எது எது என்கிற சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுப் பையைத் தட்டிக் காட்டினார். "இனிமே நன்னைக் கொன்னாத்தான் சாமி கெடைக்கும்."

செல்வி அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். என்னைப் பார்த்து அல்ல.

அவள் பங்குக்குத் தொட வேண்டிய நேரம் வந்தபோது கையை நீட்டிவிட்டு நிறுத்தினாள். "எப்பவும் போலவா, மெதுவாங்களா சார்?"

"எப்பவும் போல."

பிறகு என் முறை. என் உள்ளங்கைக்குக் கீழே நாற்றுகள் குளிர்ச்சியாகப் படுத்தன. பூனையின் முதுகு போல ஒரு எதிர்ப்பு. இரண்டு வருடமாக அவற்றை வெட்டிக்கொண்டிருந்தேன். தொட்டதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை ஃபிலிமைக் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்தோம். ஞாயிறு மதியம் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. வீட்டில் மின்விசிறி நின்றதும் எழுந்து சைக்கிளை எடுத்தேன். குளிர்பெட்டியை ஒருமுறை திறந்தாலும் குளிர் கொட்டிப்போகும், படம் மங்கிவிடும். விடுமுறை நாளில் யாராவது ஐஸ் எடுக்கத் திறந்தால்? நான் போய்ச் சேர்ந்தபோது கைப்பிடியில் கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. முன்னால் ஸ்டூல் போட்டு மாதேவு உட்கார்ந்திருந்தார், மடியில் கடலைக்காய்.

"ஞாயித்துக்கிழமை நீங்க எங்க இங்க?"

"கரண்ட் ஹோயித்து, வந்தேன். கர்ப்பகுடி மாதிரி பூட்டிட்டேன். யாருக்கும் தரிசனம் இல்லே, உங்களுக்கும் இல்லே." கடலைக்காயை நீட்டினார். "சாமி, ஒண்ணு கேக்கறேன். அந்த ஹுடுகி, நம்ம செல்விப் பொண்ணு, டியூப் மாத்தற ஹுடுகியா? நீவு ஹேளித்தீங்களாமே."

"தெரியாமச் சொல்லிட்டேன்."

"தெரியாம ஹேளக்கே எதுக்கு சாமி வாயி?" என்று கேட்டுவிட்டு, தோலை ஊதித் தள்ளினார். நாலு மணிக்குக் கரண்ட் வரும்வரை இருவரும் கடலைக்காய் தின்றோம்.

திங்கள் காலை. இருட்டறையில் சிவப்பு விளக்கு. மாதேவு ஃபிலிமை மருந்துத் தட்டில் அமிழ்த்தி ஆட்டினார். மேடம் கதவோரம். செல்வி சுவரோரம், கையைக் கட்டிக்கொண்டு. நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மழை வரும் முன் சாமுண்டி மலைப் பக்கம் ஒரு சாம்பல் நிறம் திரளுமே, அது போல. பிறகு கோடுகள்.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தோம். மாதேவு சீட்டைப் பிரித்து, தொண்டையைச் செருமி, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

செல்வி, தொடாதது: வெளுப்பு.

நான், தொடாதது: வெளுப்பு.

செல்வி, தொட்டு இரண்டு நிமிடம்: கறுப்பு.

நான், தொட்டு இரண்டு நிமிடம்: கறுப்பு. பார்க்கப்போனால் அவளுடையதைவிட அழுத்தமான கறுப்பு. பழக்கமில்லாத கை.

அரை மணி கழித்து வெட்டியவை இரண்டும் வெளுப்பு. கழற்றுகிறவர்கள் வந்து, வேலையை முடித்துக்கொண்டு, போயிருந்தார்கள். அரை மணி நேரத்தில். ஒரு புல்லின் செல்லுக்குள். எனக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது, நான் இன்னும் தொடங்கவேயில்லை.

செல்விதான் முதலில் பேசினாள். ஃபிலிமைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல். "அன்னிக்கே ஒரு வார்த்த என்னக் கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல சொல்லியிருப்பனுங்க."

மேஜைக்குப் போய்ப் படிவத்தை எடுத்தேன். ரப்பரால் அழித்தேன். எழுத்து போனது, பள்ளம் போகவில்லை. சாய்த்துப் பிடித்தால் 'கவனக் குறைவு' தெரிந்தது. அதன் மேலேயே பேனாவால் எழுதினேன். "இவருடைய கவனத்தால் இந்த ஆய்வகம் ஒரு தவறிலிருந்து தப்பியது. அவசியம் நீட்டிக்கப்பட வேண்டும்." மேடம் வாங்கி வாசித்தார். காகிதத்தைச் சாய்த்தும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டார்.

"இது ஆபீசுக்கு. மத்தவாளுக்கு?" என்றார். "எங்க சொன்னியோ அங்கயே போய்ச் சொல்லு. காதுல போய்ச் சொல்றதெல்லாம் மன்னிப்பு இல்லே."

கேன்டீனுக்கு அன்றே போனேன். ஸ்டோர் கிளார்க், பக்கத்து லேப் ஆள், காவலாளி. ஒவ்வொருவராக. தோழர்களே, இதை மட்டும் கேளுங்கள். ஒட்டுவதற்கு ஒரு வார்த்தை போதும், அது தானாகப் பரவும். கழற்றுவது அப்படிப் பரவாது. ஒவ்வொரு ஆளாக, ஒவ்வொரு மேஜையாக, நடந்துபோய்க் கழற்ற வேண்டும். சிலர் "ஓ, அப்படியா" என்று விட்டுவிட்டார்கள். சிலருக்கு முதலில் சொன்னதுதான் சுவையாக இருந்தது. மறுபடி சனிக்கிழமை கூட்டத்தில், அதே எட்டுப் பேர் முன்னால், ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்து, சொன்னது நான், பார்க்காமல் சொன்னேன், கேட்காமல் சொன்னேன் என்றேன். செல்வி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

பெங்களூருக்கு வேறு லேப்காரன் ஒருவன் போனான். அவன் ஜெல்லில் கன்ட்ரோலை யார் எப்படித் தொட்டு வெட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பத்து மாதம் கழித்து எங்கள் கட்டுரை வந்தது. உப்பைப் பற்றி அல்ல, தொடுதலைப் பற்றி. முதல் பெயர் அவளுடையது. அவள் பிறகு படித்து, தானே நாலு பேருக்கு வழிகாட்டி ஆகி, இன்று எங்கேயோ எட்டாத தூரத்தில் இருக்கிறாள். அவள் அப்பாவின் கட்டைக்கும் எங்கள் கைனேஸுக்கும் நடுவில் உள்ள எல்லாப் படிகளையும் நாங்கள் கண்டுபிடித்துவிடவில்லை. அது உங்கள் வேலை. எழுந்திருக்க முடிகிற அளவுக்குப் படுத்த பயிர் எதை நினைவில் வைத்துக்கொள்கிறது என்று யாராவது சொன்னால், ஓய்வில் இருக்கிற எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.

கடைசியாக, அந்தக் கட்டம்.

நான் ஒப்புக்கொண்ட அந்தச் சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் அவள் எழுந்து வளர்ப்பு அறைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். எட்டுப் பேர் முன்னால் சொன்னது அவளிடம் சொன்னது ஆகாது என்று தோன்றியது. அதே பச்சை. அதே ரீங்காரம். அவள் புது நோட்டைத் திறந்து, அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். தட்டுகளின் விளிம்பில் கையை ஊன்றி, குனிந்து, "செல்வி, நான்..." என்று தொடங்கினேன்.

"சார், கையெடுங்க."

புரியவில்லை.

"கையெடுங்க சார். அது கன்ட்ரோலு."

பார்த்தேன். என் முன்கை முதல் வரிசை நாற்றுகளின் மேல் சாய்ந்திருந்தது. எடுத்தேன். நாற்றுகள் ஆடி நின்றன. அவள் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்போதுதான் கோடு போட்டு முடித்திருந்த குறுகலான ஆறாவது கட்டத்தில் ஏதோ எழுதினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அரை மணி ஆகோணும் இனி. அப்பறம் வாங்க," என்றாள். நான் வெளியே வந்து ஜகரண்டாவின் கீழே அரை மணி நேரம் நின்றேன்.

சொல்ல வந்ததைச் சொன்னேனா, என்ன சொன்னேன் என்பதெல்லாம் இப்போது நினைவில்லை. என் ஓய்வுக்கு முந்தின வாரம் பழைய அலமாரியை ஒழித்தபோது அந்த நோட்டு கிடைத்தது. பூச்சி அரித்திருந்தது. முதல் பக்கம் நன்றாக இருந்தது. தொட்ட நேரம் என்கிற கட்டத்தில், அவளுடைய சாய்ந்த கையெழுத்தில், முதல் பதிவு:

10.40. அண்ணா கை பட்டது.